விளிம்பில் பொறித்த பெயர்களும் ஏட்டிலிருந்து அடித்த பெயர்களும்

36 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு வெள்ளி வட்டு. ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னனின் முடிசூடிய உருவம். மறுபக்கத்தில் கைபர் கணவாயின் வாயிலில் நிற்கும் ஜம்ருத் கோட்டை, அதன் பின்னே மலைத்தொடர். பச்சை நாடாவின் நடுவே அகன்ற கருநீலக் கோடு. நாடாவுக்கும் வட்டுக்கும் இடையில் பொருத்திய சிறு வெள்ளிப் பட்டையில் 'மலபார் 1921-22' என்ற எழுத்துகள். 1908ஆம் ஆண்டின் இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம் என்பது இதன் பெயர். ஏறநாட்டிலும் வள்ளுவநாட்டிலும் குத்தகை விவசாயிகளை வேட்டையாடிய படையினனின் மார்பில், அந்த மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாத கைபர் கோட்டையின் படத்தைக் குத்தி அனுப்பியது பிரிட்டிஷ் பேரரசு. வசீரிஸ்தானுக்கும் இதே வட்டுதான். பர்மாவில் சயா சான் தலைமையில் எழுந்த விவசாயிகளை 1930-32இல் ஒடுக்கியதற்கும் இதே வட்டுதான். பட்டையை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருந்தது.

மலபார் பட்டை தாங்கிய பதக்கங்கள் குறைவாகவே வழங்கப்பட்டன. ஆகவே லண்டன் ஏலக்கூடங்களில் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. இவ்வகைப் பதக்கங்களைத் தேடுவதும் வாங்குவதும் ஆராய்வதும் பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரியதொரு பொழுதுபோக்காகவும் அதைவிடப் பெரிய வணிகமாகவும் வளர்ந்துள்ளன. மும்பையின் சோர் பஜாரிலும் தில்லியின் பழம்பொருள் கடைகளிலும் தொடங்கும் சங்கிலி அங்கே சென்று முடிகிறது.

சேகரிப்பாளர் பதக்கத்தைக் கையில் எடுத்ததும் முதலில் நோக்குவது மன்னனின் முகத்தை அன்று, விளிம்பை. அங்கேதான் படையினனின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் பொறித்திருந்தால் விலை சரிந்துவிடும். பட்டை பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதா என்பதையும் ஆராய்வார்கள். இதற்கெல்லாம் துணை, பதக்கப் பதிவேடுகள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அலுவலகத்தின் 100ஆம் தொகுதியாக அவை அடுக்கப்பட்டுள்ளன. கம்பெனிப் படையினரின் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. எந்தப் படையினன் எந்த நாளில் எந்த முற்றுகையில் நின்றான், எப்போது காயமுற்றான், எந்தக் காய்ச்சலில் மாண்டான் என்பது வரை பொறுமையாகத் தேடி எழுதி வைப்போர் உள்ளனர். அவர்களின் உழைப்பை இகழ வேண்டியதில்லை. 170 ஆண்டுகளுக்கு முந்தைய சாதாரணப் படையினன் ஒருவனின் வாழ்க்கையை அவன் பெயரோடு மீட்பது வரலாற்றுக்குச் செய்யும் தொண்டே.

ஆனால் அந்தத் தொண்டு யாருடைய பெயரைத் தேடுகிறது? சுட்டவனின் பெயருக்குப் பதிவேடு உண்டு, எண் உண்டு, ஏல விலை உண்டு. சுடப்பட்டவன் ஏலப் பட்டியலில் 'கலகக்காரன்' அல்லது 'பழங்குடி' என்ற ஒற்றைச் சொல்லாக மட்டுமே இடம் பெறுகிறான். 'இதில் அரசியல் ஏதுமில்லை, இது வெறும் வரலாற்று ஆர்வம்' என்று பதக்கச் சந்தையின் புரவலர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் இந்த இடத்திலேயே உடைந்துபோகிறது. எவருடைய பெயரை ஆவணப்படுத்துவது, எவருடைய பெயரை விட்டுவிடுவது என்பதைக் காட்டிலும் அரசியலான முடிவு வேறெதுவும் இல்லை.

உலோகத்தில் எழுதிய வர்க்கக் கணக்கு

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர்துறந்தார். அதற்கெனக் கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. சிங்கத்தின் மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் 'வெல்லும் இறைச்சிங்கம்' எனப் பொருள்படும் தொடர். திப்பு தன் ஆயுதங்களில் பொறித்து வைத்திருந்த தொடர் அது. நாட்டைப் பறித்தவர்கள் அவருடைய இலச்சினை வாசகத்தையும் பறித்துத் தங்கள் சிங்கத்துக்குச் சூட்டினர்.

பதக்கம் தயாரான இடம் பர்மிங்காம் நகரின் சோஹோ நாணயச் சாலை. அதன் உரிமையாளர் மாத்யூ போல்ட்டன், ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளி; நாணய அச்சுப்பொறிகளை நீராவியால் இயக்கிய முன்னோடி முதலாளி. தொழிற்புரட்சியின் புதிய இயந்திரமும் காலனியக் கொள்ளையின் புதிய வெற்றியும் ஒரே பட்டறையில் சந்தித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அந்தப் பதக்கம் ஐந்து உலோகங்களில் அடிக்கப்பட்டது. கவர்னர் ஜெனரலுக்கும் தளபதிகளுக்கும் தங்கம். அடுத்த நிலை உயர் அதிகாரிகளுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி. காப்டன்களுக்கும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கும் வெள்ளி. ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம். சாதாரணப் படையினனுக்கும் சிப்பாய்க்கும் வெள்ளீயம். கோட்டைச் சுவரின் உடைப்பில் முதலில் ஏறிச் சென்று செத்தவர்கள் இந்த வெள்ளீயக்காரர்கள்தாம். கொள்ளைப் பங்கீட்டிலும் இதே வரிசைதான் கடைப்பிடிக்கப்பட்டது. தலைமைத் தளபதி ஹாரிஸுக்கு 1,40,000 பவுனுக்கு மேல் கிடைத்தது; இந்தியச் சிப்பாய்க்கு ஏறத்தாழ 5 பவுன்.

ஒரு நூற்றாண்டு கழித்தும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1903-04இல் கர்சனின் ஆணைப்படி யங்ஹஸ்பண்ட் தலைமையில் திபெத்துக்குள் நுழைந்த படை, 1904 மார்ச் 31 அன்று குரு என்ற ஊரின் அருகே, பழைய திரித்துப்பாக்கிகளும் வாள்களும் ஏந்தி நின்ற திபெத்தியரை மாக்சிம் பீரங்கித் துப்பாக்கிகளால் சுட்டு வீழ்த்தியது. 600க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முதுகு காட்டி மெல்ல நடந்து சென்றவர்களும் சுடப்பட்டனர். இந்தப் படையெடுப்புக்கும் பதக்கம் அடிக்கப்பட்டது. அதன் பின்பக்கத்தில் லாசா நகரின் பொட்டாலா மாளிகை அழகாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஆயுதம் ஏந்தியோருக்கு அது வெள்ளியில். பனிமலைகளின் ஊடே அரிசியையும் தோட்டாக்களையும் முதுகில் சுமந்த கூலிகளுக்கும் மற்ற முகாம் ஊழியர்களுக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில்.

அந்த வெண்கலப் பதக்கங்களின் விளிம்பில் மனிதனின் பெயருக்கு முன்னால், படையினனுக்குப் பதவி பொறிக்கும் இடத்தில், 'கூலி' என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை அடித்த அலுவலகத்துக்கு இதில் இழிவு ஏதும் தோன்றியிருக்காது. மேஜர், சுபேதார் என்பதைப் போல இதுவும் ஒரு தரம். எனினும் இந்த வெண்கல வட்டுகள் ஓர் உண்மையைக் கைநழுவ விட்டுவிட்டன. பேரரசின் போரை நடத்தியது வீரம் மட்டுமல்ல, உழைப்பும் என்ற உண்மை. கோவேறு கழுதை ஓட்டியவன், தண்ணீர் சுமந்த பிஸ்தி, டோலி தூக்கியவன், சமையல் செய்தவன், மலம் அள்ளியவன் ஆகியோரின்றி ஒரு தளபதியும் ஒரு மைல்கூட நகர்ந்திருக்க முடியாது. முதல் உலகப் போர் முடிந்தபின் வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கமும் அப்படியே: பல லட்சக்கணக்கில் வெள்ளியில், சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளைச் சேர்ந்தோர்க்கு மட்டும் வெண்கலத்தில், சுமார் 1,10,000. மடிந்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட தன் சொந்த அறிக்கையிலேயே, முதல் உலகப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க, ஆசியச் சுமைதூக்கிகளும் படையினரும் ஆவர்.

இன்றைய சந்தையும் இந்த ஏற்றத்தாழ்வைக் கைவிடவில்லை. ஒரே பதக்கம், ஒரே பட்டை, ஒரே களம். விளிம்பில் ஆங்கிலேயப் பெயர் இருந்தால் ஒரு விலை, இந்தியப் பெயர் இருந்தால் அதைவிடக் குறைந்த விலை என்பது சேகரிப்பாளர் எவரும் அறிந்த பாலபாடம். இறந்த ஆங்கிலேயனின் பதக்கத்துக்கு விலை ஏறுகிறது; இறந்த சிப்பாயின் குடும்பம் அந்தப் பதக்கத்தை எடைக்கு விற்றது. 1980இல் உலகெங்கும் வெள்ளி விலை உச்சத்தைத் தொட்டபோது ஏராளமான பழைய பதக்கங்கள் பிரிட்டனிலேயே உருக்கப்பட்டன என்றால், அதற்கு முன்னரே வறட்சியிலும் கடனிலும் சிக்கிய பஞ்சாபின், கொங்கணத்தின், கார்வாலின் கிராமங்களில் எத்தனை பதக்கங்கள் தட்டார் பட்டறையில் கொலுசாகவும் மெட்டியாகவும் உருமாறியிருக்கும் என்பதை எவர் எண்ணியிருக்கிறார்கள்? அந்த உழைப்பாளிக் குடும்பங்களுக்குப் பேரரசின் புகழைவிட ஒரு தோலா வெள்ளி பயனுள்ளதாக இருந்தது. அது தவறென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஒரே நாளில் 24 சிலுவைகள்

பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை, 1857-58 எழுச்சியை ஒடுக்கியதற்காக 182 பேருக்கு வழங்கப்பட்டது. அவற்றில் 24, ஒரே ஒரு நாளின் செயல்களுக்காக: 1857 நவம்பர் 16, லக்னோ. வேறெந்த நாளுக்கும் அத்தனை சிலுவைகள் வழங்கப்பட்டதில்லை. அன்று சர் காலின் காம்பெல்லின் படை நகருக்குள் புகும் வழியில், உயர்ந்த மதில்கள் சூழ்ந்த சிகந்தர் பாக் தோட்டத்தைத் தாக்கியது. உள்ளே இருந்த எழுச்சிப் படையினர் சுமார் 2,000 பேர். வெளியேற வழியின்றி ஏறத்தாழ அனைவரும் கொல்லப்பட்டனர். பிரிட்டிஷ் தரப்பினரின் சடலங்கள் அடக்கம் செய்யப்பட்டன. மற்றவை அங்கேயே கிடந்தன. அடுத்த ஆண்டு லக்னோவுக்கு வந்த புகைப்படக் கலைஞர் பெலிச்சே பியாட்டோ எடுத்த படத்தில், இடிந்த மாளிகையின் முன்னே எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் படமும் இன்று சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கும் அரும்பொருள்.

அந்தக் களத்தில் பிரிட்டிஷ் தரப்பில் நான்காம் பஞ்சாப் காலாட்படையும் இருந்தது. வாயிற்கதவு மூடப்படும் தறுவாயில் தன் கேடயம் ஏந்திய கையை இடுக்கில் செருகித் தடுத்தவர் அந்தப் படையின் முகர்ரப் கான் எனப் பிரிட்டிஷ் நூல்களே எழுதுகின்றன. அவருக்கு விக்டோரியா சிலுவை இல்லை. இந்தியப் படையினருக்கு அந்த விருதைப் பெறும் தகுதியே 1911 வரை கிடையாது. எசமானனுக்காகக் கையை வெட்டுக்குக் கொடுத்தாலும் நிறம் மாறிவிடாது.

மதிலின் மறுபக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் மரத்தின் மீதேறி அமர்ந்து சுட்டார். பலரை வீழ்த்திய பின் சுடப்பட்டுக் கீழே விழுந்தபோதுதான் அவர் பெண் என்று தெரிந்தது. அந்தப் படையில் இருந்த போர்ப்ஸ் மிட்செல் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதினார். அவருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. அந்தப் பெண் பாசி சாதியைச் சேர்ந்த ஊதா தேவி என்பதை அவத் பகுதியின் தலித் மக்கள் வாய்மொழியாகக் காத்து வந்தனர். இன்று சிகந்தர் பாக் சதுக்கத்தில் துப்பாக்கி ஏந்திய அவருடைய சிலை நிற்கிறது. ஒவ்வொரு நவம்பர் 16 அன்றும் மக்கள் அங்கே கூடுகின்றனர். எந்த ஏலக்கூடமும் எந்தப் பதிவேடும் இந்தப் பெயரைத் தரவில்லை. நிலமற்றவர்களின் நினைவு தந்தது.

விக்டோரியா சிலுவைகளின் உலகிலேயே மிகப்பெரிய தனியார் தொகுப்பு யாரிடம் உள்ளது? பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் துணைத் தலைவரும் பெருங்கோடீசுவரருமான ஆஷ்கிராஃப்ட் பிரபுவிடம்; 200க்கும் மேல். 2010 முதல் 2025 வரை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அவருடைய பெயரிலேயே அமைந்த காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டிருந்தன. படையினனுக்குப் பதக்கம், முதலாளிக்குப் பதக்கத் தொகுப்பு என்பதே முதலாளித்துவம் வீரத்துக்கு அளிக்கும் இறுதிப் பங்கீடு.

'இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கக் கூடாது' என்பது இங்கே கேட்கும் மற்றொரு வாதம். அன்றைய மனிதர்களே அளந்து பார்த்துத்தான் செய்தார்கள் என்பதற்கு முதல் அபினிப் போரின் பதக்கம் சான்று. 1842இல் அதற்கென முதலில் வரையப்பட்ட வடிவத்தில் பிரிட்டிஷ் சிங்கம் சீன டிராகனை மிதித்துக்கொண்டு நின்றது. சீனரைப் புண்படுத்தும் என்பதால் அது கைவிடப்பட்டு, ஒரு பனைமரமும் அதன் அடியில் குவிந்த ஆயுதங்களும் வைக்கப்பட்டன. மேலே, ஆயுதத்தால் அமைதியைக் கோருதல் எனப் பொருள்படும் லத்தீன் வாசகம். அபினி விற்கும் உரிமைக்காக நடத்திய போருக்கு அமைதியின் பெயரைச் சூட்ட வேண்டும் என்ற கூச்சம் அவர்களுக்கே இருந்தது. அந்தப் பதக்கத்தைப் பெற்றவர்களில் சென்னை மாகாணத்தின் 37ஆம் காலாட்படைச் சிப்பாய்களும் உண்டு. 1841 மே மாதம் காண்டன் அருகே சன்யுவான்லி கிராமத்தார் ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திச் சூழ்ந்தபோது, மழையில் நனைந்து துப்பாக்கி வெடிக்காமல் சிக்கிக்கொண்டவர்கள் அவர்களே. வயிற்றுக்காகத் துப்பாக்கி தூக்கிய ஒரு நாட்டு விவசாயி, நிலத்தைக் காக்க மண்வெட்டி தூக்கிய மறுநாட்டு விவசாயியை எதிர்கொண்ட காட்சி அது.

ஆகவே இந்தியப் பெயர் பொறித்த பதக்கத்தைத் துரோகச் சின்னம் என ஒரே சொல்லில் தள்ளிவிடுவதும் பிழையாகும். பீமா கோரேகான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1818 ஜனவரி 1 அன்று பேஷ்வாவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறுபடை எதிர்த்து நின்றது. அதற்கான பதக்கத்தைக் கம்பெனி 33 ஆண்டுகள் கழித்து, 1851இல், உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் தந்தது. அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். அங்குள்ள தூணில் பொறித்த கம்பெனிப் படையினர் 49 பேரில் 22 பேர் மகர்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் அம்பேத்கர் அங்கே சென்றது கம்பெனியின் வெற்றியைக் கொண்டாட அன்று. தீண்டத்தகாதவர்கள் எனத் தள்ளப்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் இருப்பதை அந்த மக்களுக்குக் காட்டுவதற்காக. அதே மகர்களைப் பிரிட்டிஷ் அரசு 1890களில் 'போர்க்குணமற்ற இனம்' என முத்திரை குத்திப் படையிலிருந்து விரட்டியதையும் சேர்த்தே அவர் பேசினார். பேரரசின் நோக்கத்தையும் அதன் படையில் நின்றவனின் வாழ்க்கையையும் வேறுபடுத்திப் பார்க்கும் ஆற்றல் அம்பேத்கருக்கு இருந்தது. 2018இல் அதே இடத்தில் கூடிய தலித் மக்கள் மீது தாக்குதல் நடந்த பின், அதன் பெயரால் அறிவாளிகளையும் வழக்கறிஞர்களையும் ஊபா சட்டத்தில் சிறையிட்டவர்களுக்கு அது இல்லை. அருட்தந்தை ஸ்டான் சுவாமி 2021 ஜூலை 5 அன்று கைதியாகவே இறந்தார்.

போத்தனூரில் திறந்த பெட்டி

இனி மீண்டும் மலபாருக்கு. 1921 நவம்பர் 19 அன்று மாலை, திரூர் ரயில் நிலையத்தில் சுமார் 100 கைதிகள் ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டுக் கதவு பூட்டப்பட்டது. பெரும்பாலோர் மாப்பிள்ளை விவசாயிகளும் கூலிகளும். சில இந்துக்களும் இருந்தனர். காற்றுத் துளைகள் வண்ணப்பூச்சால் அடைபட்டிருந்தன. பெட்டி போத்தனூர் வந்து திறக்கப்பட்டபோது 56 பேர் பிணமாகக் கிடந்தனர்; மற்றவர்களிலும் பலர் பின்னர் மாண்டு, எண்ணிக்கை 70ஐ நெருங்கியது. இறந்தோர் குடும்பத்துக்கு 300 ரூபாய் வழங்கியதோடு அரசு தன் கணக்கை முடித்துக்கொண்டது. எழுச்சியை ஒடுக்கியதில் அரசின் சொந்தக் கணக்குப்படியே கொல்லப்பட்டோர் 2,337 பேர்; சிறைப்பட்டோர் 45,000க்கும் மேல். அலி முஸ்லியார் 1922 பிப்ரவரியில் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். வாரியன்குந்நத்து குஞ்ஞகமது ஹாஜி அதே ஆண்டு ஜனவரி 20 அன்று மலப்புறத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த எழுச்சியைக் கம்யூனிஸ்ட் இயக்கம் கண்ணை மூடிக்கொண்டு போற்றியதில்லை. 1946இல், எழுச்சியின் 25ஆம் ஆண்டில், தோழர் இ.எம்.எஸ். எழுதிய கட்டுரையின் தலைப்பே 'அழைப்பும் எச்சரிக்கையும்' என்பதாகும். ஜன்மிகளுக்கும் அவர்களைத் தாங்கிய வெள்ளை ஆட்சிக்கும் எதிராக எழுந்த விவசாயிகளின் வீரம் அழைப்பு. அது வகுப்புவாதத்தில் சறுக்கிய இடங்கள் எச்சரிக்கை. அந்தக் கட்டுரைக்காகத் தேசாபிமானி ஏட்டின் மீது ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்தது. வரலாற்றின் இரு பக்கங்களையும் சொன்னவர்களைத் தண்டித்தது அன்றைய அரசு. இன்றைய அரசு ஒரு படி மேலே சென்று பக்கத்தையே கிழிக்கிறது.

பிரதமரே 2019இல் வெளியிட்ட 'இந்திய விடுதலைப் போராட்டத் தியாகிகள் அகராதி'யின் ஐந்தாம் தொகுதியில் மலபார் எழுச்சியில் மடிந்தவர்கள் இடம்பெற்றிருந்தனர். அவர்களில் 387 பேரின் பெயர்களை நீக்கலாம் என இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அமைத்த மூவர் குழு 2021இல் பரிந்துரைத்தது. குஞ்ஞகமது ஹாஜியும் அலி முஸ்லியாரும் அவர்களில் அடக்கம். அதற்கு முன்னரே, 2018 நவம்பரில், திரூர் ரயில் நிலையச் சுவரில் வரையப்பட்ட சரக்குப் பெட்டிப் படுகொலை ஓவியம், சங்பரிவாரத்தின் எதிர்ப்பைத் தொடர்ந்து ரயில்வே நிர்வாகத்தால் அழிக்கப்பட்டது.

இங்கேதான் அந்த வெள்ளி வட்டு மீண்டும் நினைவுக்கு வருகிறது. மலபாரில் சுட்ட ஒவ்வொரு படையினனின் பெயரும் வெள்ளி விளிம்பில் பத்திரமாக உள்ளது. அது தேய்ந்தாலும் பதிவேட்டின் துணையோடு மீட்டுவிடலாம். சுடப்பட்டவனின் பெயர் ஒரு நூலில் ஏறுவதற்குச் சுமார் நூறு ஆண்டுகள் ஆயின. அதை அடித்துவிட இரண்டே ஆண்டுகளில் குழு அமைந்தது. 'அடிமை மனப்பான்மையின் கடைசிச் சுவடுகளையும் அழிப்போம்' என்று 2022 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் முழங்கிய அரசு அது. ராஜபாதையின் பெயரைக் கடமைப் பாதை என மாற்றியது. கடற்படைக் கொடியில் இருந்த சிலுவையை நீக்கியது. கலகக்காரர்கள், வெறியர்கள் எனத் தூக்கிலிட்டவன் எழுதி வைத்த தீர்ப்பை மட்டும் ஓர் எழுத்து மாறாமல் ஏற்றுக்கொண்டது. காலனியச் சுவடு கொடியிலும் சாலைப் பெயரிலும் மட்டும்தான் இருக்கும் போலும்!

காலனியப் போர்களின் நினைவுப் பொருள்களை என்ன செய்வது என்பதற்கு இந்த நாட்டிலேயே முன்மாதிரிகள் உள்ளன. இந்தியாவை அடிமைப்படுத்திய போர்களில் ஈட்டிய வெற்றிப் பெயர்களை ஏற்கத்தகாதவை என வகைப்படுத்தி, அவற்றை விழாவாகக் கொண்டாடுவதில்லை என்ற மரபைச் சுதந்திர இந்திய ராணுவம் வைத்திருக்கிறது. அலகாபாத்திலும் கான்பூரிலும் மக்களைக் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்ட சென்னைப் படைத் தளபதி நீல் என்பவனின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் சத்தியாகிரகிகள் அதை எதிர்த்துச் சிறை சென்றனர். 1937இல் அது அகற்றப்பட்டு அருங்காட்சியகத்துக்குள் போனது. உடைக்கவில்லை, உருக்கவில்லை. பீடத்திலிருந்து இறக்கி, பார்த்துப் படிக்க வேண்டிய இடத்தில் வைத்தார்கள். பதக்கங்களுக்கும் அதுவே தகும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கடத்துவது குற்றம். 'மலபார் 1921-22' பட்டை தாங்கிய பதக்கங்களும் இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. சட்டம் ஏட்டில் தூங்க, சந்தை விழித்திருக்கிறது.

பெயர்களை மீட்பது இயலாத வேலையும் அன்று. லாகூர் அருங்காட்சியகத்தில் 97 ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்த ஏடுகளிலிருந்து, முதல் உலகப் போரில் பணியாற்றிய பஞ்சாப் படையினர் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் கணினியில் ஏற்றப்பட்டு, 2021 நவம்பரில் இலவசத் தேடலுக்குத் திறக்கத் தொடங்கின. பிரிட்டனில் உள்ள பஞ்சாபியரின் பாரம்பரிய அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் செய்த வேலை அது. ஊர் வாரியாக, சாதி வாரியாகத் தன் கொள்ளுப்பாட்டனை ஒரு விவசாயி தேட முடிகிறது. இரண்டு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஒரு மாகாணத்துக்குத் தன்னார்வலர்களால் இதைச் செய்ய முடிந்தபோது, ஒன்றிய அரசும் தில்லியின் தேசிய ஆவணக் காப்பகமும் கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? லண்டனில் கட்டணம் செலுத்தினால் தனியார் நிறுவனத்தின் வழியே பார்க்கக் கிடைக்கும் பதக்கப் பதிவேடுகளின் இந்தியப் பகுதி முழுவதையும் பிரதி பெற்று, இந்திய மொழிகளில், இலவசமாக வெளியிட வேண்டும். அதன் எதிர்ப்பக்கமாக, அந்தந்தப் படையெடுப்பில் கொல்லப்பட்டோர், தூக்கிலிடப்பட்டோர், நாடு கடத்தப்பட்டோர் பெயர்களை நீதிமன்ற, சிறை, காவல்துறை ஆவணங்களிலிருந்து திரட்டிச் சேர்க்க வேண்டும். தியாகிகள் அகராதியின் 387 பெயர்களும் அகராதியிலேயே நிற்க வேண்டும்.

இதில் முதலில் எடுக்க வேண்டிய ஏடு, திபெத்தின் வெண்கலப் பதக்கங்களுக்கான பதிவேடு. பனியில் சுமை தூக்கிய அந்த மனிதர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. 'கூலி' என்ற சொல்லை அடுத்து.